நாற்பத்தொரு வாய்கள்

அலமாரியில் தூசி மட்டும் இருந்தது. அந்தத் தூசியில் வரிசை வரிசையாக லாட வடிவத் தடங்கள். காலையில் நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒவ்வொரு தடத்தின் மேலும் ஒரு வாய் உட்கார்ந்திருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

வாய் என்றுதான் நான் சொல்வேன். டாக்டர்கள் அச்சு என்பார்கள். நோயாளியின் வாயில் பசை வைத்து அளவெடுத்து எனக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால் அந்த ஆளின் ஈறும் பல்லும் அப்படியே கல்லாகக் கைக்கு வந்துவிடும். அதை வைத்துத்தான் பல் செட் செய்கிறேன், இருபத்தாறு வருஷமாக, வீட்டின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில். தெருவில் எனக்குப் பெயரே பல்லக்காதான்.

அன்று சனிக்கிழமை. முடிந்த இரண்டு செட்டுகளை டாக்டரிடம் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பியிருந்தேன். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் அலமாரியின் முன் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திருடன் வந்திருப்பான் என்று ஒரு கணம் நினைத்தேன். பிளாஸ்டர் வாய்களை எந்தத் திருடன் தூக்கிக்கொண்டு போவான்?

கூடத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் தரையில் உட்கார்ந்திருந்தார். தரையில், ஏனென்றால் சோபா போய் நான்கு மாதம் ஆகிறது.

"என்னங்க, என் அலமாரி என்னாச்சு?"

அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். எதற்கும் மூன்று மூச்சு விட்ட பிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று அவருடைய மன்றத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் நின்றுகொண்டு அந்த மூன்று மூச்சையும் எண்ணினேன்.

"விட்டுட்டேன்," என்றார்.

மன்றத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றார். முதல் ஆறு மாதம் அவர் சண்டை போடாத பொருள் இந்த வீட்டில் இல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று கதவோடு. செய்தி வாசிப்பவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று டிவியோடு. ஒரு நாள் தம்ளரை வீசி எறிந்தார். என் மேல் இல்லை, சுவரின் மேல்தான். ஆனால் அந்தச் சுவருக்கும் எனக்கும் இடையில் மூன்றடிதான் இருந்தது. பழைய சக ஊழியர் ஒருவர் அவரை மன்றத்துக்கு அழைத்துப்போனார். ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த பெரிய கட்டடம் அது. வெள்ளையடித்து, பாய் விரித்து, மௌனத்தில் உட்காரும் இடமாக்கியிருந்தார்கள். ஒரே மாதத்தில் அவர் குரல் பாதியாகத் தணிந்தது. நான் மனதுக்குள் அந்த மன்றத்துக்கு நன்றி சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நன்றியில்தான் ஏமாந்தேன்.

அங்கே ஒரு வழக்கம். சனிக்கிழமை காலை, விருப்பம் உள்ளவர்கள் ஒரு பொருளைக் கொண்டுவந்து நடுவில் விரித்த வெள்ளைத் துணியில் வைக்க வேண்டும். சுலபத்தில் விட முடியாத பொருளாக இருக்க வேண்டும். வைத்துவிட்டு, "இது நான் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார வேண்டும். நிறைய விட்டவர்கள் முன்னால் உட்காருவார்கள். அப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய என் வீட்டுக்காரர் எட்டே மாதத்தில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். அன்று வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நன்றாகப் பழகிய முகம்தான். மேற்பார்வையாளராகப் பதவி உயர்ந்த அன்றும் இதே முகத்தோடுதான் வந்தார்.

முதலில் அவருடைய கைக்கடிகாரம் போனது. பிறகு ரேடியோ, சதுரங்கப் பலகை, சைக்கிள், முப்பது வருஷம் அலுவலகத்துக்குத் தூக்கிப்போன தோல்பை. இவையெல்லாம் அவருடையவை, எனக்கு ஆட்சேபணை இல்லை. பிறகு சோபா. நான் முகம் சுளித்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. பிறகு சாப்பாட்டு மேஜை. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஃபோனில், "அம்மா, நான் வரும்போது தட்டறதுக்குக் கதவாவது மிச்சம் இருக்குமா?" என்று கேட்டாள். சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன். ஒரு மனிதர் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போவதை நின்று வேடிக்கை பார்க்கிறவளுக்குத் தன் அலமாரியும் ஒரு நாள் போகும் என்று ஏன் தோன்றவில்லை? அவருடையது தீர்ந்துவிட்டது. முன்வரிசைக்காரர் வெறுங்கையோடு போக முடியுமா?

"அதெல்லாம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"பழைய பிளாஸ்டர்." குரலில் அன்பு வழிந்தது. "வேலை முடிஞ்சுபோனது. இந்த வீட்லயே உன்னை ரொம்பப் பிடிச்சு வச்சிருந்தது அதுதான். நீயா விடமாட்டே. உனக்காகவும் சேர்த்து நான் விட்டுட்டேன்."

"என்ன சொல்லி வச்சீங்க?"

மூன்று மூச்சு. "இது நான் இல்லைன்னு."

"ஆமா, நீங்க இல்லதான். மூணாவது தட்டுல, இடது ஓரத்துல இருந்தது அறிவிப்பம்மா. அவங்க வாயைக் கொண்டுபோய் வச்சு 'நான் இல்லை'ன்னு சொல்ல நீங்க யாருங்க?"

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கோபப்படுகிறவர்களுக்காக இரக்கப்படும் ஒரு சிரிப்பு மட்டும் மெல்ல வந்தது. சுவரில் தம்ளரை எறிந்த மனிதரே எனக்குத் தேவலை என்று அப்போது தோன்றியது. அந்த மனிதரோடு சண்டையாவது போடலாம்.

அறிவிப்பம்மா எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷமாக ஒலிபெருக்கியில் அறிவிப்பவர். ஆளைப் பார்க்காதவர்களுக்கும் குரலைத் தெரியும். ஈறு நோய் முற்றி, பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு முன் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் டாக்டர் கவனமாக ஓர் அளவெடுத்து எனக்கு அனுப்பினார். அந்த அச்சில்தான் அவருடைய சொந்தப் பற்கள் இருந்தன. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து.

டாக்டர் அந்தச் சந்தை மூடி, முத்துப்போல வரிசையாக வைத்துவிடலாம் என்றாராம். அறிவிப்பம்மா என் மேஜைக்கே வந்து, வெறும் ஈறோடு, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னது இது: "சின்ன வயசுல அந்தச் சந்துக்காகவே நான் வாயைத் திறந்து சிரிச்சதில்ல அக்கா. ஒரு ஃபோட்டோவுலகூடப் பல்லு தெரியாது. ஆனா முப்பது வருஷமா என் குரல் அது வழியாத்தான் வெளியே போயிருக்கு. 'ச' சொன்னா சின்னதா ஒரு விசில் வரும். அது இல்லன்னா அது நான் இல்ல."

அவர் விடுப்பில் இருந்த மூன்று மாதமும் நிலையத்தில் ஓர் இயந்திரக் குரலைப் போட்டிருந்தார்கள். அதிகாரிக்கு அது பிடித்துவிட்டது. சம்பளம் கேட்காத குரல் யாருக்குத்தான் பிடிக்காது? ஒன்றாம் தேதி அறிவிப்பம்மா மைக் முன்னால் உட்கார்ந்து பழையபடி பேசிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள். ஈறின் மேல் பொருந்தும் தட்டு என் மேஜையில் தயாராக இருந்தது. பற்களை வைக்க வேண்டியதுதான் பாக்கி. எந்தப் பல், எந்தச் சாய்வு, எவ்வளவு சந்து என்பதெல்லாம் அந்த அச்சில் இருந்தது. பல்லே இல்லாத வாயில் இன்னொரு முறை அளவெடுக்க முடியாது.

இரவு முழுக்க என் கோபத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் என் கோபத்தைச் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று எனக்கு நானே நேர்மையாகக் கேட்டுக்கொண்டேன். இருந்தது, கொஞ்சம். அந்த அலமாரியைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு பெருமை வரும். இத்தனை பேர் நான் செய்த பல்லால் மெல்லுகிறார்கள் என்ற பெருமை. அது பற்று என்றால் பற்றுதான். ஆனால் ஒரு செட் சரியாக அமைந்தால் என்ன ஆகும்? போட்டுக்கொண்டவர் இரண்டு வாரத்தில் அதை மறந்துவிடுவார். அது தன் பல் இல்லை என்பது மறந்துபோகும், செய்தவளும் மறந்துபோவாள். கடைத்தெருவில் என்னைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே போவார்கள், அடையாளம் தெரியாது. என் வேலை நன்றாக இருந்தால் நான் அங்கே இருக்கவே மாட்டேன். எந்தப் பாயிலும் உட்கார்ந்து நான் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. எந்த வரிசையிலும் யாரும் எனக்கு இடம் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்துக்குப் போனேன். பயன்படும் பொருளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள், பயன்படாதது மண்ணுக்குப் போகும் என்று வீட்டுக்காரர் ஒருமுறை பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆகவே வாசல் பக்கம் போகாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கால் கழுவும் குழாயடியில் சேறாகிக் கிடந்த பாதையைத் தோட்டக்காரர் திமிசுக்கட்டையால் இடித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். பாதை வெள்ளையாக இருந்தது.

"பிளாஸ்டரா? நேத்தே உடைச்சுப் போட்டுட்டேனேம்மா," என்றார். "ஈரத்தை நல்லா உறிஞ்சும்னாங்க."

நான் சேற்றில் மண்டியிட்டேன். அவர் திமிசுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டார். விரலால் தோண்டினேன். ஒரு கடைவாய்ப்பல் வந்தது. அடுத்து மேலண்ணத்தின் ஒரு துண்டு. அந்தத் துண்டில் ஓடிய வரிகள் எனக்குத் தெரிந்தவை, எங்கள் தெருத் தையல்காரருடையவை. வாயில் ஊசியைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த ஒரு முன்பல்லும் அவருடையதுதான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் வாத்தியாரின் தட்டையான கடைவாய்ப்பற்கள் கிடைத்தன. பாதி பாதியாக, சில்லு சில்லாக, ஊரே அங்கே கிடந்தது. காலைக் கழுவிவிட்டு இதன் மேல் நடந்துபோய் அவர்கள் மௌனத்தில் உட்காரப் போகிறார்கள். சந்து வைத்த முன்பற்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். இரண்டு நகம் உடைந்தது.

தோட்டக்காரர் கொட்டகைக்குள் போய் ஒரு பழைய துணிப்பொட்டலத்தோடு வந்தார். "இதை மட்டும் உடைக்க மனசு வரல. பால்பல்லு மாதிரி இருந்துச்சு," என்றார். பிரித்தேன். பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்த ஒரு குழந்தையின் அச்சு. நாற்பத்தொன்றில் தப்பித்தது அது ஒன்றுதான். அதையாவது உடைக்க முடியாமல் நின்றது அந்த வளாகத்தில் ஒரே ஒரு மனிதர், அவருக்கோ உள்ளே எந்த வரிசையிலும் இடம் இல்லை.

பேச்சுச் சத்தம் கேட்டு மன்றத்தின் வழிகாட்டி வெளியே வந்தார். சேற்றில் கிடந்த என்னைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. திடுக்கிடாமல் இருக்கப் பழகியவர்.

"எதைத் தேடறீங்கம்மா?"

சொன்னேன். அறிவிப்பம்மாவைப் பற்றி, சந்தைப் பற்றி, ஒன்றாம் தேதியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்கும் மூன்று மூச்சு தேவைப்பட்டது.

"போனது போயாச்சு. அந்தம்மாவும் பழைய முகத்தையே ஏன் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்? புதுப் பல்லு, புதுக் குரல். அவங்களுக்கு இது ஒரு வாய்ப்புன்னு எடுத்துச் சொல்லுங்க."

அப்போது அவர் சிரித்தார். என் தொழில் என்னை விடவில்லை. மேல்வரிசை இடதுபக்கம் இரண்டு பற்களுக்குத் தொப்பி போட்டிருந்தார். பீங்கானில், நல்ல கைவேலை. பக்கத்துப் பல்லின் லேசான பழுப்பைக்கூட அப்படியே ஒத்தெடுத்திருந்தார்கள்.

"உங்க இடது பக்கம் ரெண்டு பல்லு கட்டினது," என்றேன். "ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க. பழைய பல்லு மாதிரியே வேணும்னு கேட்டு வாங்கியிருப்பீங்க. உங்களுக்கு ஏன் அந்தப் புது வாய்ப்பு வேண்டாம்னு தோணிச்சு?"

அவர் வாயை மூடிக்கொண்டார். இந்த முறை மூன்றுக்கு மேல் மூச்சு விட்டார். நான் காத்திருக்கவில்லை. குழந்தையின் அச்சை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். வழியில் ஒரு கடையில் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கினேன். என் பின்னறைக் கதவுக்கு இருபத்தாறு வருஷத்தில் முதல் பூட்டு.

அறிவிப்பம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. திங்கட்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், கை தவறி உடைந்தது என்றும் சொல்லியிருக்கலாம். வாசல் வரைக்கும் அப்படிச் சொல்வதாகத்தான் இருந்தேன், வீட்டுக்காரர் மானத்தைக் காப்பாற்ற. இத்தனை கோபத்திலும் அந்தப் பழக்கம் போகவில்லை பாருங்கள். உள்ளே போனதும் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. தன் தாடையைத் தடவினார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டாரா அக்கா? மூட்டை தூக்கறவங்ககூட மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி 'இது யாரோடது'ன்னு கேப்பாங்க."

குரல் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. முப்பது வருஷமும் நேரடியாக மைக்கில் பேசியதுதான், பேசியது அங்கேயே கரைந்துபோயிருந்தது. அப்படியானால் ஒரே வழி, காதால் தேடுவதுதான். பற்களை மெழுகில் வைத்துப் பேச வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அந்த விசில் வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டேன். மெழுகுச் செட்டை என் மேஜையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அறிவிப்பம்மா வந்தார். கூடத்தைத் தாண்டித்தான் பின்னறைக்கு வர வேண்டும். வீட்டுக்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணைத் திறந்து தலையசைத்தார், அவ்வளவுதான். அறிவிப்பம்மா நின்றார்.

"சார் தினமும் நம்ம நிலையத்துலதானே பஸ் ஏறுவீங்க? என் குரல் ஞாபகம் இருக்குமே. அக்காவுக்குக் கொஞ்சம் உதவியா இருக்கும்."

அவர் யோசித்தார். யோசித்தது உண்மைதான் என்று நினைக்கிறேன். "காதுல விழுந்திருக்கும். நான் கவனிச்சதில்லைம்மா. சத்தம்னா வந்து போறதுதானே."

"நான் வந்து போகல சார். முப்பது வருஷமா அங்கேயேதான் உக்காந்திருந்தேன்."

எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. இவர் எதையும் விட்டவரே இல்லை. விடுவதற்கு முதலில் ஒன்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தையும் சோபாவையும் இவர் எப்போதாவது உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததுண்டா? என்னை? மகளின் முதல் பல் விழுந்தபோது அதை எடுத்து வைத்தது நான்தான், அப்போதும் இவர் செய்தித்தாளுக்குப் பின்னால்தான் இருந்தார். பூட்டைத் திறந்தேன். சாவி திரும்பிய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

பின்னறையில் மேஜை விளக்கை இழுத்து வைத்து, ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, வேலையைத் தொடங்கினோம். முதலில் சந்தே இல்லாமல் வைத்தேன். அவர் பேசினார். சுத்தமான உச்சரிப்பு.

"அந்த மெஷின் மாதிரியே இருக்கேன்," என்றார்.

கத்தியின் நுனியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, வலது பல்லைக் கொஞ்சம் தள்ளினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் தள்ளினேன். இந்த முறை குக்கர் மாதிரி விசிலடித்தது. இருவரும் சிரித்துவிட்டோம், அவர் கையால் வாயை மறைக்க மறந்தார். மறுபடி உள்ளே தள்ளினேன். அவரும் ஒவ்வொரு முறையும் அதே வரியைச் சொன்னார்: "ஆறாம் நடைமேடையிலிருந்து செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." பத்து முறை, பதினைந்து முறை. ஒரு கட்டத்தில் எங்கள் இருவருக்கும் காது செத்துவிட்டது. தன் குரலை அவர் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. நானோ பஸ் ஏறுகிறவள் இல்லை, டாக்டரிடமும் நடந்தே போய் வருகிறவள். இதுதானா, இல்லையா என்று சொல்ல அறையில் மூன்றாவது ஆள் கிடையாது. அந்த அச்சு இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை.

"போதும் அக்கா. ஏதாவது ஒண்ணை வச்சு ஒட்டிடுங்க," என்றார் அறிவிப்பம்மா. அந்தக் குரலில் அவர் இல்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றேன். இரண்டு பற்களையும் சேர்த்துச் சமமாக, ஒரு மயிரிழை விலக்கினேன். அடிப்பக்கம் நெருங்கி, நுனிப்பக்கம் கொஞ்சம் அகன்று. வைத்துக்கொண்டார். நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, மைக் எதிரில் இருப்பதுபோலக் கழுத்தை நீட்டி, சொன்னார்.

கூடத்தில் தடதடவென்று சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். கண் இன்னும் பாதி மூடியிருந்தது. குனிந்து, வலது கையால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார், வேகமாக, அவசரமாக. எதைத் தேடுகிறார் என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பையை. தினமும் அவர் ஏறிய ஐந்து நாற்பது பேருந்து ஆறாம் நடைமேடையிலிருந்துதான் புறப்படும். அதைப் பிடிக்க முப்பது வருஷம் தோல்பையை எடுத்துக்கொண்டு ஓடிய உடம்பு அது. அந்தப் பையை வெள்ளைத் துணியில் வைத்து 'இது நான் இல்லை' என்று சொன்ன வாயைக் கேட்காமல் கை தானாகத் தேடிக்கொண்டிருந்தது.

அறிவிப்பம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன் மெதுவாக.

சொன்னார். 'செல்லும்' என்ற இடத்தில் மெல்லிய விசில், 'சற்று' என்ற இடத்தில் இன்னொன்று. வீட்டுக்காரர் ஓரடி முன்னால் எடுத்து வைத்து, அப்புறம்தான் கண்ணை முழுதாகத் திறந்து, தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். காலியான கூடம். சோபா இல்லை, மேஜை இல்லை. அவருடைய கை இன்னும் பையின் பிடிக்காக வளைந்தே இருந்தது.

"பதறாதீங்க சார்," என்றார் அறிவிப்பம்மா, தன் சொந்தக் குரலில். "இன்னும் டைம் இருக்கு."

வீட்டுக்காரர் அறை வாசலுக்கு வந்தார். கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தார், காலி அலமாரியைப் பார்த்தார். மூன்று மூச்சு விடாமல், உடனே, "அங்கேதான்... மூணாவது தட்டுலயா இருந்தது?" என்று கேட்டார்.

உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு யாராவது சொல்லலாம். அவர் எழுந்து நின்றதால் தையல்காரரின் வாய் ஒட்டிக்கொள்ளாது, வாத்தியாரின் வாயும் ஒட்டிக்கொள்ளாது. என் கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதை யாருக்காகவும் எந்தத் துணியிலும் கொண்டுபோய் வைக்கப் போவதில்லை.

"ஆமா," என்றேன். "வெளிச்சத்தை மறைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் தள்ளி நின்றார். நான் அறிவிப்பம்மாவிடம் செட்டைக் கழற்றித் தரச் சொல்லி, கத்தியைச் சூடாக்கி, இரண்டு பற்களையும் அந்த இடத்திலேயே வைத்து மெழுகை ஊற்றினேன்.